பாங்கும் பாங்கும்

தமிழில் ஒரு சொல் உண்டு: பாங்கு. பள்ளிவாசலிலிருந்து வைகறையில் எழும் தொழுகை அழைப்பைப் பாங்கு என்கிறோம். பணம் போட்டு வைக்கவும் கடன் வாங்கவும் செல்லும் நிலையத்தையும் பாங்கு என்றே நெடுநாள் எழுதி வந்தோம். முறைமைக்கும் பாங்கு என்றே பெயர். முதற் பாங்கு 'வா' என்று அழைக்கிறது. வருவதும் வராததும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. இரண்டாம் பாங்கு 'கொடு' என்று கேட்கிறது. கொடுக்கத் தவறினால் வீடு ஏலத்துக்கு வரும். முதற் பாங்கின் புனிதத்தை எடுத்து இரண்டாம் பாங்கின் பெயர்ப்பலகையில் பூசிவிட்டால், மூன்றாம் பாங்காகிய முறைமை என்ன ஆகிறது? அதைத்தான் இங்கே ஆராயப் புகுகிறோம், தோழர்களே!

மலேசிய நாட்டில் ஒருவர் வீட்டுக்காக இஸ்லாமிய முறையில் நிதி பெற்றார். வட்டி இல்லை, இது வணிகம் என்றனர். 'பை பிதமன் அஜில்' என்பது அந்த ஒப்பந்தத்தின் பெயர். விலையைத் தவணையில் பின்னர்ச் செலுத்தும் விற்பனை என்பது அதன் பொருள். இத்தகைய ஒப்பந்தத்தில் தாள்கள் இரண்டு. வாடிக்கையாளரிடமிருந்து வீட்டைப் பாங்கு ஒரு விலைக்கு வாங்குவதாக முதல் தாள் சொல்லும். கூடுதல் விலைக்கு அதே வீட்டை அவருக்கே திரும்ப விற்பதாக இரண்டாம் தாள் சொல்லும். வீடு அசையவில்லை. கதவு திறக்கப்படவில்லை. சாவி கை மாறவில்லை. மாறியது ஒன்றே: வட்டி என்ற பெயர் போய் இலாபம் என்ற பெயர் வந்தது.

அந்த மனிதர் பெற்ற நிதி ஏறக்குறைய 3,94,000 ரிங்கிட். 25 ஆண்டுத் தவணையில் அவர் செலுத்த வேண்டிய விற்பனை விலை 9,92,363 ரிங்கிட். 33,454 ரிங்கிட் செலுத்திய நிலையில் தவணை தவறினார். பாங்கு வழக்குத் தொடுத்தது. எவ்வளவு கேட்டது தெரியுமா? 9,58,909 ரிங்கிட்! இன்னும் பிறக்காத ஆண்டுகளின் இலாபத்தையும் இன்றே கொடு என்றது. வட்டிக்குக் கொடுக்கும் பாங்காக இருந்தால், கடன் தீர்க்கும் நாள் வரைக்கும் உரிய வட்டியைத்தான் கேட்க முடியும். வட்டியே வாங்காத பாங்கோ, வாராத காலத்துக்கும் வசூல் கேட்டது!

வழக்கை விசாரித்த நீதிபதி அப்துல் வகாப் பட்டேல், காலம் கழியாத பகுதிக்கு இலாபம் கேட்பது முறையாகாது என்று 2006-இல் வெளியான தீர்ப்பில் சொன்னார். 2008-இல் வேறு வழக்குகளில் மேலும் ஒரு படி சென்று, இது உண்மையான விற்பனைதானா என்றே கேட்டார். அவரும் இஸ்லாமியரே, மார்க்கத்தை இகழ வந்தவர் அல்லர். கணக்கைக் கணக்காகப் பார்த்தார், அவ்வளவே. ஆனால் 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஒப்பந்தம் செல்லும் என்றது. மார்க்கத்துக்கு ஏற்றதா இல்லையா என்று சொல்லும் வேலையை உரிமையியல் நீதிபதிகள் தாமே மேற்கொள்ளலாகாது என்றும் சொன்னது. யார்தான் சொல்வது? கேள்வி இங்கே தொடங்குகிறது.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். வட்டியைத் தடுத்த மார்க்கத்தை எள்ளி நகையாட நாம் வரவில்லை. அன்றைய அரபு நாட்டில், தவணை தவறியவனைப் பார்த்து 'கட்டுகிறாயா, கூட்டுகிறாயா?' என்று கேட்டுக் கடனைப் பெருக்கும் கொடுமை இருந்தது. கடன் பெருகிப் பெருகி, கடன்பட்டவன் அடிமையாவான். அந்தக் கொடுமையைத் தடுத்த குரல் ஏழையின் பக்கம் நின்ற குரல். வட்டி வாங்காதே என்றால் அதன் உட்பொருள், வறியவன் கழுத்தில் கயிறு போடாதே என்பதுதான். அந்த உட்பொருளுக்கு நாம் தலைவணங்குகிறோம். உட்பொருளை உதறிவிட்டு உறையை மட்டும் வைத்துக்கொண்டு வணிகம் நடத்துவோரைத்தான் கேள்வி கேட்கிறோம்.

உட்பொருளுக்குச் சான்று வேண்டுமா? 1963-ஆம் ஆண்டு எகிப்து நாட்டுக்கு வாருங்கள். நைல் ஆற்றுக் கழிமுகத்தில் மித் கம்ர் என்றோர் ஊர். அங்கே அகமது அல் நஜ்ஜார் என்ற பொருளியல் அறிஞர் ஒரு சேமிப்புப் பாங்கைத் தொடங்கினார். ஜெர்மனி நாட்டுச் சேமிப்பு நிலையங்களைப் பார்த்து வந்தவர் அவர். உழவரும் சிறு கடைக்காரரும் சிறுகச் சிறுகச் சேர்த்தனர். வட்டியின்றிக் கடன் பெற்றனர். தொழிலில் பங்கு போட்டு இலாப நட்டத்தைப் பகிர்ந்தனர். மார்க்க முத்திரையை முரசறைந்து கூட்டம் சேர்த்த நிலையம் அல்ல அது. ஊரார் நம்பிக்கையே அதன் முத்திரை. சில ஆண்டுகளில் அது அரசின் கையில் ஒடுங்கியது. ஆயினும் வட்டியின்றி ஏழைக்கு உதவ முடியும் என்பதை அது காட்டிச் சென்றது.

1973-இல் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவில் செல்வம் கொழித்தது. 1975-இல் துபாயில் இஸ்லாமியப் பாங்கு பிறந்தது. 1983-இல் மலேசியா தனிச்சட்டமே இயற்றிற்று. செல்வம் வந்த இடத்துக்குச் சான்றிதழும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பாங்கிலும் 'ஷரீஅத் குழு' ஒன்று அமைந்தது. ஒப்பந்தம் மார்க்கத்துக்கு உகந்தது என்று அக்குழு கையொப்பமிட்டால் ஹலால், மறுத்தால் ஹராம்.

நல்லது. அந்தக் குழுவுக்கு ஊதியம் கொடுப்பவர் யார்? பாங்கு. அவர்களை அமர்த்துபவர் யார்? பாங்கு. அவர்கள் தீர்ப்பளிப்பது யாரைப் பற்றி? அந்தப் பாங்கைப் பற்றியே! அரிசி மண்டிக்காரரிடம் மாதச் சம்பளம் வாங்குபவர், மண்டியின் தராசுக்கு முத்திரை குத்தலாமா? அவர் நல்லவராகவே இருக்கட்டும், பக்திமானாகவே இருக்கட்டும். தராசுக்கு வேண்டியது பக்தி அல்ல, பரிசோதனை. அதிலும் உலகில் இத்தகைய அறிஞர்கள் சிலரே. ஒரே பெரியவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட குழுக்களில் அமர்ந்திருந்த காலமும் உண்டு. ஐம்பது பாங்குகளின் ஒப்பந்தங்களை ஒருவர் எப்போது படிப்பார், எப்போது கேட்பார், எப்போது மறுப்பார்?

மலேசியாவின் மத்திய வங்கி இந்த வேடிக்கையைக் கண்டு, ஒரு துறையில் ஓர் அறிஞர் ஒரு நிறுவனத்தில் மட்டுமே இருக்கலாம் என்று கட்டுப்பாடு விதித்தது. பாராட்டுகிறோம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு எதைக் காட்டுகிறது? மார்க்க அறிஞரும் மனிதரே, அவருக்கும் கடிவாளம் வேண்டும் என்பதைத்தானே!

சரி, முத்திரையாவது ஒன்றா? அதுவும் இல்லை. பொருளை விற்று உடனே திரும்ப வாங்கிப் பணம் புரட்டும் 'ஈனா' என்ற முறையை மலேசியாவில் ஆகும் என்றனர். வளைகுடாவில் ஆகாது என்றனர். 1989-இல் எகிப்தின் தலைமை முப்தி தன்தாவி, அரசு முதலீட்டுச் சான்றிதழ்கள் தரும் நிலையான வருவாய் கூடும் என்று தீர்ப்பளித்தார். 1991-இல் பாகிஸ்தானின் ஷரீஅத் நீதிமன்றம், எல்லா வட்டியும் ஹராம் என்றது. கெய்ரோவில் கூடும், கராச்சியில் கூடாது! எந்த நாட்டு விமானத்தில் ஏறினால் பணம் தூய்மை பெறும் என்று ஏழை எங்கே போய்க் கேட்பான்?

பாகிஸ்தான் நாட்டின் கதையையும் கேளுங்கள். 1991-இல் வட்டி கூடாதென்ற தீர்ப்பு. 1999 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஷரீஅத் அமர்வு அதை உறுதி செய்தது. 2002 ஜூனில் அதே மன்றம் அத்தீர்ப்பை விலக்கி, மீண்டும் விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. இருபது ஆண்டுகள் உருண்டன. 2022 ஏப்ரலில் மறுபடியும் வட்டி கூடாதென்ற தீர்ப்பு. ஒழிக்க 2027 டிசம்பர் வரை தவணை! 2024 அக்டோபரில் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம், இயன்ற அளவு 2028 ஜனவரி முதல் நாளுக்குள் வட்டியை ஒழிக்க வேண்டும் என்றது. பாங்கின் வட்டி பற்றி இப்படி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாதம்.

இந்த முப்பது ஆண்டுகளில் அந்நாட்டுச் செங்கற்சூளையில் என்ன நடந்தது? 'பேஷ்கி' என்று ஒரு முன்பணம். சூளை முதலாளி கொடுப்பார், தொழிலாளி வாங்குவான். வாங்கியவன் மட்டுமல்ல, அவன் மனைவியும் மக்களும் மண் பிசைந்து கல் அறுத்தாலும் கடன் தீராது. 1988-இல் சூளைத் தொழிலாளர்கள் உச்சநீதிமன்றத்துக்குத் தந்தி கொடுத்துக் கதறினர். 1992-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கொத்தடிமை ஒழிந்தபாடில்லை. தோழர்களே, உற்றுப் பாருங்கள்! பேஷ்கியின் ஏட்டில் வட்டி என்ற சொல் இருக்க வேண்டியதே இல்லை. முன்பணம் என்று எழுதி மூன்று தலைமுறையைக் கட்டலாம். சொல்லில் வட்டி இல்லை. செயலில் விலங்கு இருக்கிறது. 'கட்டுகிறாயா, கூட்டுகிறாயா?' என்ற பழைய அரபுக் குரல் சூளைப் புகையில் இன்னும் கேட்கிறது. அதைத் தடுக்கத்தானே தடை பிறந்தது? சொல்லைத் துரத்துவோர் விலங்கைப் பார்க்க மறந்தனர்.

இன்னொரு விந்தை. ஹலால் முத்திரை கடன் கொடுப்பவருக்கு மட்டுமே உதவும் என்று எண்ணிவிடாதீர்கள். பெரிய கடனாளிக்கும் அது உதவும்! 2009-இல் குவைத் நாட்டு நிதி நிறுவனம் ஒன்று, பாங்கு ஒன்றிடம் வாங்கிய தொகையைத் திருப்பித் தர மறுத்து, லண்டன் நீதிமன்றத்தில் என்ன வாதாடிற்று? 'நாங்கள் செய்த ஒப்பந்தம் ஷரீஅத்துக்கு விரோதம். ஆகவே அது எங்களைக் கட்டாது' என்றது. அந்த ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்ததே அந்நிறுவனத்தின் சொந்த மார்க்கக் குழுதான்! 2017-இல் ஷார்ஜாவின் தானா கேஸ் நிறுவனம், 70 கோடி டாலர் 'சுகூக்' பத்திரங்களுக்குப் பணம் கட்டவேண்டிய வேளை நெருங்கியபோது, அந்தப் பத்திரங்கள் இப்போது சட்டத்துக்கு உகந்தவை அல்ல என்றது. காரணம்? இஸ்லாமிய நிதியியல் வளர்ந்துவிட்டதாம், விளக்கங்கள் மாறிவிட்டனவாம்! 2013-இல் பணம் வாங்கும்போது ஹலால். 2017-இல் திருப்பும்போது ஹராம்! அந்த ஆண்டு நவம்பரில் லண்டன் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. மறு ஆண்டில் சமரசம் ஏற்பட்டது.

கோடிக்கணக்கில் வாங்கியவனுக்கு லண்டனில் வழக்கறிஞர் கிடைக்கிறார், மார்க்கத்தையே கேடயமாக்கிக்கொள்கிறான். ஒரு வீட்டுக்குத் தவணை கட்டும் எழுத்தருக்கு எந்தக் கேடயம்?

அவருக்கு நீதிமன்றம் என்ற கேடயம் இருந்தது. அதையும் மழுக்கிவிட்டனர். மலேசியாவின் 2009-ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டம் என்ன சொல்கிறது? இஸ்லாமிய நிதி வழக்கில் மார்க்கக் கேள்வி எழுந்தால், நீதிமன்றம் மத்திய வங்கியின் ஷரீஅத் ஆலோசனைக் குழுவின் முடிவைக் கருத வேண்டும் அல்லது அதனிடம் கேட்க வேண்டும். கேட்டுப் பெற்ற முடிவு நீதிமன்றத்தைக் கட்டும். பெயரோ ஆலோசனைக் குழு. அதிகாரமோ ஆணைக் குழு! வழக்காடுபவர் அக்குழுவின் முன் சாட்சி நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. 2019-இல் இந்த ஏற்பாடு அரசியல் சட்டத்துக்கு ஏற்றதா என்ற வழக்கு அந்நாட்டின் உச்ச மன்றத்துக்கு வந்தது. ஒன்பது நீதிபதிகள் அமர்ந்தனர். ஐவர் செல்லும் என்றனர், நால்வர் மறுத்தனர். மறுத்தவருள் தலைமை நீதிபதியும் ஒருவர். நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது என்பது மறுத்தவர்களின் வாதம். ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் நின்றது இந்த ஏற்பாடு!

'மருத்துவத்துக்கு மருத்துவரைக் கேட்பதுபோல மார்க்கத்துக்கு மார்க்க அறிஞரைக் கேட்கிறோம், இதில் தவறென்ன?' என்று வினவுவோர் உண்டு. கேளுங்கள், தடையில்லை. ஆனால் மருத்துவர் சொல்வதையும் நீதிமன்றத்தில் மறுக்கலாம். வேறு மருத்துவரை நிறுத்தலாம். நோயாளி பிழைத்தானா என்று பார்த்து மருந்தை எடைபோடலாம். எதிர்க்கேள்வி கேட்க முடியாத அறிவு எங்கே அமர்ந்தாலும் அது பீடமாகிவிடுகிறது. பீடத்துக்கு முன் குடிமகன் இல்லை; பக்தன்தான் உண்டு.

'வட்டிப் பாங்குகள் மட்டும் வாழ்கின்றனவோ?' என்றும் கேட்பர். இல்லை! 2008-இல் அமெரிக்காவில் பாங்குகள் சரிந்தபோது, நச்சுப் பத்திரங்களுக்கு உயர்ந்த தரச்சான்று கொடுத்தவை எவை? பத்திரம் விற்றவரிடமே கட்டணம் பெற்ற தரச்சான்று நிறுவனங்கள். நோய் ஒன்றே. அங்கே கோட்டும் சூட்டும் அணிந்து வந்தது. இங்கே தலைப்பாகை அணிந்து வருகிறது. வட்டிக்காரனுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. விற்பவன் கூலியில் வாழும் சான்றை எங்கே கண்டாலும் எதிர்க்கிறோம்.

'அது அவர்கள் மார்க்கம், உங்களுக்கென்ன?' என்று கேட்கும் நண்பருக்கும் விடை உண்டு. மலேயா மண்ணில் வட்டிக்குக் கொடுத்தவர்களில் நம்மவரும் இருந்தனர். நகரத்தார் கடையில் கடன்பட்ட மலாய் உழவரின் நிலம் கைமாறியதும், 1913-இல் மலாய்க்காரர் நில ஒதுக்கீட்டுச் சட்டம் வந்ததற்கு ஒரு காரணம். அன்று இரங்கூனில் வட்டி விகிதத்தை எங்கே கூடி முடிவு செய்தனர்? முருகன் கோயிலில்! 'நடப்பு வட்டி' என்று அதற்குப் பெயர். கோயிலில் தீர்மானித்ததால் வட்டி குளிர்ந்துவிட்டதா? பர்மிய உழவனின் நெல்வயல் மீண்டதா? இல்லை. ஆகவே இது ஒரு மார்க்கத்தின் மீது வீசும் கல் அல்ல. பணப்பெட்டியைத் தெய்வத்தின் அருகே வைத்தால், தெய்வம் பெட்டியைத் திருத்துவதில்லை. பெட்டிதான் தெய்வத்தைக் காவல்காரனாக்கிக்கொள்கிறது. இதைச் சாக்கிட்டு இஸ்லாமியத் தோழர்கள் மீது பகை மூட்ட நினைக்கும் கூட்டம் நம் ஏட்டை மடித்து வைத்துவிட்டுப் போகலாம். அவர்களுக்கு நம்மிடம் சரக்கில்லை.

ஏனெனில் முத்திரையால் ஏமாந்து முதலில் கண்ணீர் விடுபவர் இஸ்லாமிய ஏழையே. எகிப்தில் 1980-களில் 'இஸ்லாமிய முதலீட்டு நிறுவனங்கள்' முளைத்தன. பாங்கு வட்டியைவிடப் பன்மடங்கு இலாபம் என்றன. மார்க்கப் பெரியவர்களின் ஆதரவைக் காட்டின. அயல்நாட்டில் உழைத்தவர் அனுப்பிய பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. 1988-இல் அரசு சட்டம் கொண்டுவந்து கணக்குக் கேட்டபோது பெரிய நிறுவனம் சரிந்தது. சேமிப்பாளர் தெருவில் நின்றனர். நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரிலும் 2019 ஜூனில் அதே காட்சி. 'ஹலால் முதலீடு' என்று பணம் திரட்டிய ஐ மானிட்டரி அட்வைசரி நிறுவனம் கவிழ்ந்தது. முறையிட்டவர் 40,000-க்கும் மேற்பட்டோர். மகள் திருமணத்துக்கு வைத்திருந்த நகையை விற்றுப் போட்ட தாய்மாரும் அவர்களில் இருந்தனர். 2017-இல் இந்திய ரிசர்வ் பாங்கு, இஸ்லாமியப் பாங்கு முறையைக் கொண்டுவரும் யோசனையைக் கைவிட்டிருந்தது. முறையான கதவு திறக்கவில்லை. கள்ளக் கதவு திறந்தது. வட்டி வாங்க அஞ்சிய நெஞ்சங்களின் அச்சத்தையே முதலாக்கி ஆதாயம் தேடினர்.

ஆகவே இஸ்லாமியப் பாங்கை ஒழி என்று நாம் கூறவில்லை. வட்டி வேண்டாம் என்று ஒருவர் எண்ணினால், அவ்வாறு வாழ அவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஆளும் பொறுப்பு சட்டத்திடம் இருக்கட்டும். மார்க்க அறிஞர் பெறும் ஊதியமும் அவர் அமர்ந்திருக்கும் குழுக்களும் ஏட்டில் வெளியாகட்டும். அவர் தரும் தீர்ப்பு, காரணத்தோடு, மக்கள் மொழியில் அச்சாகட்டும். ஊதியத்தைப் பாங்கு கொடுக்காமல் பொது நிதியிலிருந்து கொடுக்கட்டும். அவர் கருத்து நீதிமன்றத்துக்குச் சாட்சியமாக வரட்டும்; சங்கிலியாக வரவேண்டாம். கடன் வாங்குவோர் கையெழுத்திடும் தாளில், முழுத் தொகை எவ்வளவு, முன்கூட்டித் தீர்த்தால் தள்ளுபடி எவ்வளவு என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இது நடக்காத கனவா? மலேசியாவிலேயே பாதி நடந்தது. வழக்குகளும் வாதங்களும் எழுந்த பின்னர், 2010-இல் அந்நாட்டு ஷரீஅத் ஆலோசனைக் குழுவே, முன்கூட்டிக் கடன் தீர்ப்போருக்குத் தள்ளுபடி தரும் விதியை ஒப்பந்தத்தில் சேர்க்கப் பாங்குகளைக் கட்டாயப்படுத்தலாம் என்று முடிவு செய்தது. முன்பு அது பாங்கின் கருணை. பின்பு அது வாடிக்கையாளரின் உரிமை. மார்க்கம் மாறவில்லை, ஒருவர் கேட்டார், ஒரு நீதிபதி கணக்குப் பார்த்தார், பலர் எழுதினர், விதி மாறியது. கேள்விக்கு இருக்கும் ஆற்றல் இது!

வைகறைப் பாங்கு ஒலிக்கட்டும். கேட்க விரும்புவோர் கேட்கட்டும். கடைத்தெருப் பாங்கு கணக்குக் காட்டட்டும். காட்ட மறுத்தால் நாம் கேட்போம். புனிதத்தின் பெயரைச் சொல்லி எவர் ஒரு தாளை நீட்டினாலும், கையெழுத்திடுமுன் கடைசி வரி வரை படித்துப் பாருங்கள், தோழர்களே. படிக்கத் தெரியாத அண்டை வீட்டுத் தாய்க்கும் படித்துக் காட்டுங்கள்.